புல்லில் படுத்திருக்கும் சோலார் ட்ரோன்: எதை வைத்துப் பிடிப்பது?

உக்ரைன் போர்முனையில் சாலையோரப் புல்லில் ட்ரோனை இறக்கிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருந்து, வந்ததும் தாக்குவது பழகிப்போன உத்தி. இப்போது சிலவற்றின் மேல் சோலார் பேனலும் ஏறிவிட்டது. அதை வைத்துப் பறக்க முடியாது. ஏ4 தாள் அளவு பேனல் உச்சிவெயிலில் 12 வாட் தந்தாலே அதிகம். நான்கு சுழலிகள் கொண்ட நடுத்தர ட்ரோன் (குவாட்காப்டர்) அந்தரத்தில் நிற்கவே 100 வாட்டுக்கு மேல் தின்னும். ஆனால் கேமராவும் ரிசீவரும் விழித்திருக்க அந்த 12 வாட் தாராளம். பேட்டரி தீரட்டும் என்று எதிராளி பொறுத்திருக்க முடியாது. அதுதான் தலைவலி.

ரேடார்தான் விலை அதிகம்; இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. அசையாததையெல்லாம் மரம், பாறை என்று ஒதுக்கிவிடும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். ஒலியைக் கேட்கும் மைக்குகளும் இதற்கு உதவாது. ஈரான் வடிவமைத்த ஷாஹெத் தாக்குதல் ட்ரோன்களின் இரைச்சலைத் தொடர உக்ரைன் ஆயிரக்கணக்கில் நிறுவியவை மலிவானவை, அருமையாக வேலை செய்பவை. ஆனால் சும்மா கிடக்கும் ட்ரோன் சத்தமே போடாது!

சட்டைப்பையில் அடங்கும் ரேடியோ டிடெக்டர் பரவாயில்லை. ட்ரோன் வீடியோ அனுப்பத் தொடங்கினால் கத்திவிடும். ஆனால் பின்னால் இழுத்துச் செல்லும் மெல்லிய கண்ணாடி இழை (ஃபைபர்) கேபிள் வழியே இயக்கப்படும் ட்ரோன் ரேடியோ அலையே விடாது. அங்கே வயலில் கிடக்கும் கேபிள் வெயிலில் சிலந்தி நூல்போல் மின்னுவதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

ஒட்டுக்கேட்புக் கருவிகளைத் தேடுபவர்களிடம் இன்னொரு சாதனம் இருக்கிறது. அது அனுப்பும் அலை, மின்னணுக் கருவிகளின் சிப்புகளில் இருக்கும் குறைக்கடத்தியில் பட்டால் இரட்டிப்பு அலைவெண்ணில் திரும்பி வரும். ட்ரோன் அணைந்திருந்தாலும் சிக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில மீட்டர் தூரத்துக்கு மேல் எடுபடாது. வெடிகுண்டு சுமந்த ட்ரோனுக்கு அவ்வளவு அருகே யார் போவது?

என் ஓட்டு மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு. காரணம் அந்தப் பேனல்தான். அதற்கு வானம் தெரிய வேண்டும். மரத்தடியிலோ தழைக்குள்ளோ பதுங்கினால் சார்ஜ் ஏறாது. ஆகவே தேட வேண்டிய இடம் குறைகிறது. நீரை ஆவியாக்கி புல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். கறுத்த பேனலோ வெயிலில் காய்ந்து சூடேறும். நண்பகலில், வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமராவில் அந்தச் செவ்வகம் தனியே தெரியும். வாகன வரிசை கிளம்புமுன் அந்தக் கேமராவை ஒரு ட்ரோனில் ஒரு முறை பறக்கவிட்டுப் பார்க்கலாம், கூடவே ரேடியோ டிடெக்டரும் பையில் இருக்கட்டும்.

இந்த வழி தோற்கும் இடம் ஊருக்குள். தகரக் கூரையும் உடைந்த கண்ணாடியும் அதேபோல்தான் காயும், பளபளக்கும். அங்கே ஒவ்வொரு கூரையையும் நெருங்கிப் பார்த்தாக வேண்டும்.