கொடிமலை ஓடையில மூனு வருஷம்: தண்ணி மட்டம் பாக்கற லாகர் எப்படி ஒழைச்சுச்சு

தண்ணி மட்டத்த தானா அளந்து பதிவு பண்ணி வைக்கற கருவிதான் லாகர். 2022 செப்டம்பர்ல இத முதல் தடவ ஓடையில எறக்குனோம், இப்ப மூனு வருஷம் தாண்டிருச்சு. நான் பினாங்குல ஒரு ஆராய்ச்சி குழுவுல ஃபீல்ட் அசிஸ்டண்ட். கொடிமலையில (பினாங்கு ஹில்) இருந்து எறங்கி வர்ற ஒரு சின்ன ஓடையில எவ்வளவு தண்ணி ஓடுது, மழை பேஞ்சா எவ்வளவு நேரத்துல ஏறுது, வெயில் காலத்துல எவ்வளவு மிஞ்சுது, இத அளக்கறதுதான் எங்க வேல. எடத்த சரியா சொல்ல மாட்டேன், சாமான் காணாம போயிரும், பொட்டானிக் கார்டன்ல இருந்து மேல போற ஜீப் ரோட்டுக்கு பக்கத்துலன்னு வச்சுக்குங்க. எங்க ஓடை சுங்கை ஆயர் தெர்ஜுன்ல (சுங்கைன்னா ஆறு) சேந்து, அது சுங்கை பினாங்குல போய் சேருது.

எனக்கு இந்த வேல ஏன் பெருசுன்னா, 2017 நவம்பர் 4, 5-ல வந்த வெள்ளத்துல ஜாலான் பி.ரம்லி பக்கம் எங்க அத்தை வீட்ல இடுப்பளவு தண்ணி. ராத்திரி அத்தைய தூக்கிட்டுத்தான் வெளிய வந்தோம். அந்த ராத்திரியில இருந்து இந்த மலையில பேயற மழை எவ்வளவு நேரத்துல கீழ வருதுன்னு தெரிஞ்சுக்கனும்னு மனசுல உக்காந்துருச்சு. மலை உச்சி 833 மீட்டர், அங்கேருந்து கடல் 10 கிலோமீட்டர் கூட இல்ல, தண்ணிக்கு நின்னு வர்றதுக்கு எடமே இல்ல. எங்க ஓடையில நல்ல மழை புடிச்சா 20 நிமிஷத்துல மட்டம் உச்சிக்கு போயி எறங்க ஆரம்பிச்சிரும்.

சரி, பொருளுக்கு வரேன். கம்பெனி பேர் போடல, ஏன்னா இதே மாதிரி லாகர நாலஞ்சு கம்பெனி செய்யறாங்க, நான் சொல்லப்போற குணம் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் பொருந்தும். கட்டவெரல விட கொஞ்சம் தடிப்பா ஒரு குழாய் மாதிரி இருக்கும், உள்ள ஒரு அழுத்தம் பாக்கற சென்சார், ஒரு வெப்பம் பாக்கற சென்சார், பேட்டரி, மெமரி, அவ்வளவுதான். ஒன்னு 1,500 வெள்ளி (ரிங்கிட்) பக்கம் ஆச்சு. ஓட்டை போட்ட பிவிசி பைப்ப பாறையில போல்ட் அடிச்சு நிறுத்தி அதுக்குள்ள இத கம்பியில தொங்க விடனும். அதுக்கு மேல எத்தன சென்டிமீட்டர் தண்ணி நிக்குதுன்னு அழுத்தத்த வச்சு கண்டுபுடிக்கும்.

இங்கதான் நாங்க முதல் நாலு மாசம் ஏமாந்தோம், புதுசா வாங்கறவங்க இத மட்டுமாவது படிச்சிருங்க.

இந்த லாகர் தண்ணியோட எடைய மட்டும் பாக்கறதில்ல, தண்ணிக்கு மேல நிக்கற காத்தோட எடையவும் சேத்துத்தான் பாக்குது. காத்தழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்த அளக்கற அலகு) கூடுனா தண்ணி 1 சென்டிமீட்டர் ஏறுன மாதிரி காட்டும். அதனால காத்த மட்டும் பாக்கறதுக்கு இன்னொரு லாகர வெளிய கரையில வைக்கனும், தண்ணி லாகர் காட்டறதுல இருந்து காத்து லாகர் காட்டறத கழிச்சாத்தான் உண்மையான மட்டம். எங்ககிட்ட அப்ப பட்ஜெட் இல்ல, மழை வந்தா தெரியும்தானே, சும்மா இருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் ரெண்டு சென்டிமீட்டர் என்ன பெருசுன்னு ஒன்னு மட்டும் வாங்குனோம். டேட்டாவ எறக்கி பாத்தா, மழையே இல்லாத நாள்லயும் ஓடை ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறி ரெண்டு தடவ எறங்குது! காலைல 11 மணி பக்கம் உச்சி, சாய்ங்காலம் 5 மணி பக்கம் அடி, மறுபடியும் ராத்திரி 11 மணி பக்கம் உச்சி, விடிய 5 மணி பக்கம் அடி. மூனு சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம். நாங்க எல்லாரும் மரம் தண்ணி குடிக்குது, அதனாலதான்னு பேசிக்கிட்டோம், எனக்கு ரொம்ப சந்தோஷமா கூட இருந்துச்சு, காடு மூச்சு விடறத பாக்கற மாதிரி. ஆனா மரம் குடிச்சா ஒரு நாளைக்கு ஒரு தடவதான் எறங்கனும், பகல்ல எறங்கி ராத்திரி ஏறனும். ரெண்டு தடவ ஏன்? அத எங்க குழுவுல இருந்த ஒரு அக்காதான் கேட்டாங்க. அப்பறம்தான் புரிஞ்சது, அது காத்தோட அலை. நம்ம மாதிரி பூமத்திய ரேகை பக்கத்து ஊர்ல காத்தழுத்தம் தினமும் ரெண்டு தடவ ஏறி எறங்கும், கடல் ஏத்த வத்தம் மாதிரி. ஓடை பாட்டுக்கு அப்படியே நின்னுட்டு இருந்துருக்கு.

மூனு சென்டிமீட்டர்தானேன்னு நெனைச்சிறாதீங்க. ஓடையில நாங்க 90 டிகிரி வி வெட்டு போட்ட தகடு வச்சிருக்கோம், தண்ணி அதுல வழிஞ்சு போகும், உயரத்த வச்சு எவ்வளவு தண்ணின்னு கணக்கு போடலாம். உயரம் ரெண்டு மடங்கானா தண்ணி ரெண்டு மடங்கு இல்ல, அஞ்சரை மடங்குக்கு மேல கூடும். 10 செ.மீ. நின்னா நொடிக்கு 4.4 லிட்டர், 20 செ.மீ. நின்னா கிட்டத்தட்ட 25 லிட்டர். அதனால 10 செ.மீ.ல 1 செ.மீ. தப்பா படிச்சா ஓட்டக்கணக்கு கால்வாசி தப்பாயிரும்.

அந்த நாலு மாச டேட்டாவ தூக்கி போடல, பாயான் லெப்பாஸ் விமான நிலையத்து காத்தழுத்தத்த வாங்கி உயரத்துக்கு சரி பண்ணி கழிச்சோம், கிட்டத்தட்ட சரியாவே வந்துச்சு, ஆனா சொந்தமா ஒன்னு வச்ச மாதிரி வராது. அப்பறம் காத்து லாகர் வாங்குனோம். அதையும் முதல்ல வெயில் படற எடத்துல தொங்க விட்டுட்டோம், மத்தியானம் சூடாகி கணக்கு ஆடுச்சு, இப்ப மர நெழல்ல வெள்ள டப்பாக்குள்ள இருக்கு. என்கிட்ட யாராவது பணம் கம்மியா இருக்கு என்ன வாங்கறதுன்னு கேட்டா, மழைமானி வாங்கறத தள்ளிப் போட்டாலும் பரவால்ல, இந்த ரெண்டையும் சேத்து வாங்குங்கன்னுதான் சொல்லுவேன்.

தொங்க விடற கயிறு பத்தி ஒரு வார்த்த. நைலான் கயிறு வேணாம். எங்களது கொஞ்சம் கொஞ்சமா நீண்டு லாகர் கீழ எறங்கி, தண்ணி ஏறுன மாதிரி காட்டிக்கிட்டே இருந்துச்சு. துருப்புடிக்காத கம்பிக்கு மாறுனதும் அந்த தொல்ல போச்சு.

எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா அதுல இருக்கற வெப்ப ரீடிங், வாங்கும்போது யாரும் அத கண்டுக்க மாட்டாங்க. ஓடை தண்ணி குளுமையா ஒரே மாதிரி இருக்கும். திடீர்னு வெப்பம் மத்தியானம் 30-க்கு ஏறி ராத்திரி எறங்குனா, லாகர் தண்ணிக்கு வெளிய நிக்குதுன்னு அர்த்தம். மழை பேஞ்சும் வெப்பம் அசையாம கோடு போட்ட மாதிரி இருந்துச்சுன்னா பைப்புக்குள்ள மண்ணு ரொம்பி லாகர் பொதஞ்சு கெடக்குன்னு அர்த்தம். இப்படி ரெண்டு தடவ வீட்ல உக்காந்தே கண்டுபுடிச்சேன்.

மெமரி 21,000 ரீடிங்குக்கு மேல நிக்கும். 15 நிமிஷத்துக்கு ஒன்னு வச்சா ஏழு மாசத்துக்கு மேல வரும், ஆனா எங்க ஓடை 20 நிமிஷத்துல ஏறி எறங்கற ஓடை, 15 நிமிஷத்துல உச்சிய கோட்ட விட்ருவோம். அதனால 5 நிமிஷம், ரெண்டரை மாசத்துல ரொம்பிரும், நான் மாசம் ஒரு தடவ போயிருவேன். காலைல பசியாறிட்டு மோட்டர்சைக்கிள கீழ போட்டுட்டு நடக்கறதுதான்.

மழைமானி கதைய சுருக்கமா சொல்றேன். ஒவ்வொரு 0.2 மி.மீ. மழைக்கும் ஒரு தடவ கவுர்ற சின்ன தொட்டி உள்ள இருக்கும். எங்களது வாய் 20 செ.மீ. அகலம், அப்படின்னா 1 லிட்டர் தண்ணிய சொட்டு சொட்டா விட்டா 159 தடவ கவுரனும். வருஷத்துக்கு ரெண்டு தடவ இத செஞ்சு பாக்கறேன், போன தடவ 151 வந்துச்சு, திருகாணிய சரி பண்ணோம். எறும்பு கூடு கட்டும், எலை அடைக்கும். அடைச்சா மழை நின்னு மூனு மணி நேரத்துக்கு அப்பறமும் ஒரே சீரா சொட்டிக்கிட்டு இருக்கும், டேட்டாவ பாத்தாலே தெரியும்.

பெரிய மழையில தண்ணி தகட்டுக்கு மேலயே போயிரும், அப்ப வி வெட்டு கணக்கு செல்லாது. அந்த மாதிரி நேரத்துக்கு உப்பு. சாமான் கடையில வாங்குன சாதா உப்பு அரை கிலோவ வாளியில கரைச்சு மேல ஊத்திட்டு, 40 மீட்டர் கீழ நின்னு தண்ணியில மின்சாரம் கடத்தற அளவு எப்படி ஏறி எறங்குதுன்னு 5 நொடிக்கு ஒரு தடவ எழுதனும். தண்ணி அதிகமா இருந்தா உப்பு அதிகமா நீர்த்துப் போயி அந்த ஏத்தம் கம்மியா தெரியும், அத வச்சு ஓட்டம் எவ்வளவுன்னு வரும். பாறையில மோதி கலங்கி ஓடற மலை ஓடைக்கு இதவிட நல்ல வழி நான் பாக்கல.

ஒரு நாள் இத செய்யும்போது ஜீப் ரோட்ல நடக்கற ஒரு அங்கிள் நின்னு பாத்துட்டு, “என்னம்மா, ஆத்துல உப்பு கொட்டறீங்க, பரிகாரமா?”ன்னு கேட்டாரு. தண்ணீர்மலை கோயில் பக்கம்தானே, கேக்கறது நியாயம். “இல்ல அங்கிள், தண்ணி அளக்கறோம்”னு எல்லாத்தையும் காட்டுனேன். பொறுமையா கேட்டுட்டு, “நான் வாரத்துல மூனு நாளு வரேன், இந்த பலகைய ஃபோட்டோ புடிச்சு அனுப்பவா?”ன்னாரு. தகடு பக்கத்துல சென்டிமீட்டர் போட்ட ஒரு ஸ்கேல் பலகை இருக்கு, அதத்தான் சொன்னாரு. சரின்னேன். அப்ப அது எவ்வளவு பெரிய உதவின்னு எனக்கு தெரியல.

2024 ஜனவரி 10-ல இருந்து நாலு நாள் வால்வு மாத்தறதுக்காக பினாங்குல தண்ணி கட் ஆச்சே, எல்லாரும் வாளியும் தொட்டியுமா நின்னோம். தீவோட பைப் தண்ணியில பெரும்பங்கு கெடாவுல பொறக்கற சுங்கை மூடாவுல இருந்து வருது, அதனால நம்ம மலை ஓடைய யாரும் பெருசா நெனைக்கறதில்ல. ஆனா 1962-ல கட்டுன ஆயர் ஈத்தாம் அணை இந்த மலைத் தண்ணியத்தான் நம்பி நிக்குது. அந்த வருஷம் வெயில் காலத்துல எங்க ஓடை ரொம்ப எறங்கிருச்சு. 10 லிட்டர் வாளி ரொம்ப 9 நொடி ஆச்சு, தகட்டுல 5.8 செ.மீ.தான். அந்த மட்டத்துல 1 செ.மீ. கூட காட்டுனா தண்ணி ஒன்றரை மடங்கா தெரியும். அதனால வெயில் காலத்துல நான் லாகர நம்பறத விட வாளியையும் கைக்கடிகாரத்தையும்தான் நம்பறேன், லாகர வாளிக்கு சரி பண்றேன்.

அந்த அக்டோபர்ல, அதாவது மழை நல்லா புடிச்ச மாசத்துல, லாகர் செத்துருச்சு. மூடியில இருக்கற ரப்பர் வளையத்துல ஒரு மணல் துண்டு, அதுல தண்ணி உள்ள போயிருக்கு. அதுக்கு முந்தின மாசம் டேட்டா எறக்கிட்டு மூடுனது நான்தான். 31 நாள் டேட்டா போச்சு. எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. அங்கிளுக்கு ஃபோன் பண்ணேன், அவரு அந்த மாசம் மட்டும் 14 ஃபோட்டோ அனுப்பிருந்தாரு, ஒவ்வொன்னுலயும் நேரம் இருக்கு, ரெண்டு ஃபோட்டோ மழை பேஞ்சுக்கிட்டு இருக்கும்போதே எடுத்தது. மழைமானியும் அந்த ஃபோட்டோவும் சேத்து அந்த மாசத்த ஓரளவு திருப்பி வரைஞ்சுட்டோம்.

இப்ப மூடறதுக்கு முன்னாடி வளையத்த துணியால தொடச்சு, வெளிச்சத்துல பாத்து, கிரீஸ் தடவி, நோட்டுல “வளையம் பாத்தாச்சு”ன்னு எழுதி நேரத்த போட்டுட்டுத்தான் தண்ணியில எறக்கறேன். பக்கத்துலயே ஸ்கேல் பலகை எவ்வளவு, லாகர் எவ்வளவு, ரெண்டும் எழுதறேன். புது லாகர் ஒரு வருஷமா ஓடுது, போன வாரம் பலகை 11.5, லாகர் 11.3.

வாங்கறவங்களுக்கு இன்னொன்னு, பேட்டரிய நம்மளால மாத்த முடியாது, உள்ளயே சீல் பண்ணிருப்பாங்க, அஞ்சு வருஷம்னு சொல்றாங்க. அதனால செகண்ட் ஹேண்ட் மலிவா கெடைச்சா எந்த வருஷம் செஞ்சதுன்னு கேட்டுட்டு வாங்குங்க. காத்து பாக்கற லாகர் இருக்கான்னும் கேளுங்க, இல்லனா அதுக்கும் சேத்து பணத்த ஒதுக்கி வச்சுட்டு அப்பறம் மலை ஏறுங்க.