ஷியர், மொமெண்ட் வரைபடம்: சமன்பாடு எழுதுவதா, பரப்பைக் கூட்டுவதா?

ஒரு பீமுக்கு (சுமை தாங்கும் உத்தரம்) ஷியர் ஃபோர்ஸ் (குறுக்காக வெட்டப் பார்க்கும் விசை) வரைபடமும் பெண்டிங் மொமெண்ட் (வளைக்கும் திருப்புத்திறன்) வரைபடமும் போட நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பகுதி பகுதியாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் சமன்பாடு எழுதலாம். மெக்காலேயின் அடைப்புக்குறியைப் போட்டு முழு நீளத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கலாம். சுமையைக் கூட்டி ஷியரையும், ஷியரின் பரப்பைக் கூட்டி மொமெண்டையும் எடுத்துக்கொண்டே போகலாம். அல்லது மென்பொருளிடம் விட்டுவிடலாம். கையால் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழி, பரப்பு முறை. வேகமானது என்பதும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், சப்போர்ட் தரும் எதிர்விசையான ரியாக்‌ஷனில் செய்த தப்பை அது கடைசிப் புள்ளியில் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா முறைகளையும் ஒரே பீமில் வைத்துப் பார்ப்போம். ஏ-யிலும், அங்கிருந்து 6 மீட்டரில் பி-யிலும் சப்போர்ட். பி-யைத் தாண்டி 2 மீட்டர் வெளியே நீண்டு சி-யில் முடிகிறது. மொத்தம் 8 மீட்டர். வீட்டு பால்கனியைத் தாங்க ஓவர்ஹாங்காக நீட்டிய பீம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஏ முதல் பி வரை மீட்டருக்கு 20 கிலோ நியூட்டன் யூ.டி.எல். (சீராகப் பரவிய சுமை), சி முனையில் 30 கிலோ நியூட்டன் பாயிண்ட் லோடு (ஒரே புள்ளியில் நிற்கும் சுமை). ஓவர்ஹாங்கின் சொந்த எடை அந்த 30-க்குள்ளேயே அடங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ரியாக்‌ஷன். ஏ-யைச் சுற்றி மொமெண்ட் எடுத்தால் யூ.டி.எல். 120 × 3 = 360, பாயிண்ட் லோடு 30 × 8 = 240, கூட்டினால் 600. அதை 6-ஆல் வகுத்தால் பி-யில் 100. மொத்தச் சுமை 150, எனவே ஏ-யில் 50. இந்த இரண்டு எண்கள் சரியாக வராவிட்டால் எந்த முறையும் கைகொடுக்காது.

வெட்டு முறையில், ஏ-யிலிருந்து எக்ஸ் தூரத்தில் வெட்டினால் ஷியர் 50 − 20 எக்ஸ், மொமெண்ட் 50 எக்ஸ் − 10 எக்ஸ்². பி-க்கு வலப்புறம் ஷியர் 30. மொமெண்டை சி-யிலிருந்து எடுத்தால் −30 × (8 − எக்ஸ்). அடிப்படையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வழி கிடையாது, முதல் பத்துக் கணக்குகளை இப்படிப் போடுவதே நல்லது. சுமை மாறும் ஒவ்வோர் இடத்திலும் புதுச் சமன்பாடு வேண்டும் என்பதுதான் சிரமம். மூன்று பாயிண்ட் லோடும் பாதி நீளத்துக்கு ஒரு யூ.டி.எல்.லும் வந்துவிட்டால் ஐந்தாறு சமன்பாடுகள் ஆகிவிடும். எந்த எக்ஸ் எங்கிருந்து அளந்தது என்பதிலேயே கவனம் சிதறும்.

மெக்காலே முறை 1919-இல், பீம் எவ்வளவு தொய்கிறது என்ற டிஃப்லெக்‌ஷன் காண்பதற்காக வந்தது, அந்த வேலைக்கு இன்றும் அது நல்ல கருவி. நம் பீமுக்கு மொமெண்ட் = 50 எக்ஸ் − 10 எக்ஸ்² + 10 [எக்ஸ் − 6]² + 100 [எக்ஸ் − 6]. அடைப்புக்குள் மைனஸ் வந்தால் அந்த உறுப்பை விட்டுவிட வேண்டும். நடுவில் இருக்கும் 10 [எக்ஸ் − 6]²-தான் கண்ணி. யூ.டி.எல். பி-யோடு நின்றுவிட்டாலும் இந்த முறையில் அதைக் கடைசி வரை நீட்டி, நீட்டிய பகுதிக்குச் சமமாக மேல்நோக்கி ஒரு சுமை கொடுக்க வேண்டும். அதை மறந்தால் சி-யில் பூஜ்யத்துக்குப் பதில் −40 வரும். வெறும் வரைபடத்துக்காக இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இனி பரப்பு முறை. இடப்பக்கத்திலிருந்து கிளம்பி, மேல்நோக்கிய விசை வந்தால் ஏறி, கீழ்நோக்கிய சுமை வந்தால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஏ-யில் ஒரேயடியாக +50. அங்கிருந்து மீட்டருக்கு 20 வீதம் சரிவாக இறங்கி, பி-க்குச் சற்று முன்னால் −70. பி-யின் ரியாக்‌ஷன் 100 தூக்கிவிட, அதே புள்ளியில் +30. பி-யில் ஷியருக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அதன்பின் சுமை இல்லாததால் கோடு படுக்கையாக சி வரை போய், அங்கே 30 இறங்கிப் பூஜ்யத்தில் முடிகிறது.

ஷியர் எங்கே பூஜ்யமாகிறது? 50-ஐ 20-ஆல் வகுத்தால் ஏ-யிலிருந்து 2.5 மீட்டர். பி-யிலும் கோடு −70-இலிருந்து +30-க்குத் தாவும்போது பூஜ்யத்தைக் கடக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் மொமெண்ட் உச்சம் இருக்கும்: ஒன்று ஸாகிங் (பீம் கீழே தொய்ந்து கீழ்ப்பக்கம் இழுபடுவது), மற்றது ஹாகிங் (மேலே கூன்போட்டு மேல்பக்கம் இழுபடுவது). இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பீமின் மேல்கம்பிக்கான மொமெண்டே கணக்கில் வராமல் போய்விடும்.

மொமெண்டுக்கு மூன்று பரப்புகள் போதும். முதல் முக்கோணம் ½ × 50 × 2.5 = 62.5. இரண்டாவது ½ × 70 × 3.5 = 122.5, இது மைனஸ். பி-யிலிருந்து சி வரை செவ்வகம் 30 × 2 = 60. வரிசையாகக் கூட்டினால் ஏ-யில் 0, 2.5 மீட்டரில் +62.5, பி-யில் −60, சி-யில் 0. மொமெண்ட் குறி மாறும் புள்ளியான கான்ட்ராஃபிளெக்சருக்கும் சமன்பாடு தேவைப்படாது. உச்சமான 62.5 முழுவதும் கரைய 2.5-க்குப் பின் இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்டால் போதும்: ½ × 20 × தூரத்தின் வர்க்கம் = 62.5, தூரம் 2.5. ஆக ஏ-யிலிருந்து 5 மீட்டர், பி-க்கு 1 மீட்டர் முன்னால்.

வளைவு எந்தப் பக்கம் என்பதில் பலர் தடுமாறுவார்கள். ஷியரின் மதிப்பே மொமெண்ட் கோட்டின் சாய்வு. 2.5 மீட்டரில் ஷியர் பூஜ்யம், எனவே கோடு அங்கே படுத்திருக்கும். பி-யை நெருங்க நெருங்க ஷியர் −70 வரை வளர்வதால் மேலும் மேலும் செங்குத்தாக விழும். ஸாகிங்கை மேலே வரைந்தால், கீழ்நோக்கிய யூ.டி.எல்.லின் கீழ் இந்த வளைவு எப்போதும் மேல்நோக்கி உப்பியே இருக்கும், மைனஸ் பகுதியிலும்கூட. 5 மீட்டருக்கும் பி-க்கும் நடுவில் அதைக் குழிவாகத் திருப்பிப் போடுவது அடிக்கடி பார்க்கும் தப்பு. இரண்டு முனையிலும் தாங்கிய சாதாரண பீமானால், துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் ஈரச் சேலையை மட்டும் போட்டால் கயிறு இரண்டு நேர்கோடாக இறங்கும். வரிசையாக ஒரே கனத்தில் துணி தொங்கினால் பரவளையமாகத் தொய்யும். அதைத் தலைகீழாகத் திருப்பினால் மொமெண்ட் வரைபடத்தின் வடிவம் கிடைத்துவிடும்.

இப்போது முக்கியமான விஷயம். பி-யின் ரியாக்‌ஷனை எடுக்கும்போது, 30 கிலோ நியூட்டனின் தூரத்தை ஏ-யிலிருந்து 8 என்று போடாமல், படத்தில் எழுதியிருக்கும் 2 மீட்டரையே போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். மிகவும் சகஜமான தப்பு. 360 + 60 = 420, பி-யில் 70, ஏ-யில் 80 என்று வரும். ஷியர் வரைபடம் போட்டால் 80, −40, +30, 0. அழகாக மூடிவிட்டது! பலர் இங்கேயே திருப்திப்பட்டுவிடுவார்கள். ஆனால் ஏ-யின் ரியாக்‌ஷனை மொத்தச் சுமையிலிருந்து கழித்து எடுத்திருக்கும்போது ஷியர் மூடாமல் வேறு எங்கே போகும்? அது எதையும் சோதிக்கவில்லை.

மொமெண்டுக்கு வாருங்கள். ஷியர் பூஜ்யம் 4 மீட்டரில், பரப்பு 160; அடுத்து ½ × 40 × 2 = 40 மைனஸ்; பிறகு 60 பிளஸ். சி-யில் 180 மிச்சம் நிற்கிறது. எதிலும் ஒட்டாமல் காற்றில் நிற்கும் ஒரு முனையில் மொமெண்ட் எப்படி இருக்க முடியும்? தப்பு இருப்பது மட்டுமல்ல, எவ்வளவு தப்பு என்பதும் தெரிந்துவிட்டது. 180 என்பது 30 × 6. அதாவது 30 கிலோ நியூட்டனுக்கு 6 மீட்டர் குறைத்துப் போட்டிருக்கிறோம்.

இன்னொன்று. யூ.டி.எல்.லின் மையத்தை 3 மீட்டரில் எடுக்காமல், மொத்த நீளம் 8-இல் பாதி என்று 4-இல் எடுத்துவிட்டால் பி-யில் 120, ஏ-யில் 30. ஷியர் மறுபடியும் மூடும். மொமெண்ட் 22.5 ஏறி, 202.5 இறங்கி, 60 ஏறி −120-இல் நிற்கும். 120 கிலோ நியூட்டனை 1 மீட்டர் தள்ளிப் போட்டதன் அளவு அது. மிச்சம் பிளஸாக நின்றால் சுமைகளின் மொமெண்டைக் குறைத்து எடுத்திருக்கிறோம், மைனஸானால் கூட்டி எடுத்திருக்கிறோம். வெட்டு முறையிலும் இந்தச் சோதனை முடியாததல்ல. பி-யில் இரண்டு சமன்பாடுகளையும் போட்டு ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அதற்கென்று தனியாக நினைவு வைத்திருக்க வேண்டும். வலப்பக்கத்தை சி-யிலிருந்து கணக்கிட்டவருக்கு சி-யில் பூஜ்யம் தானாகவே வந்துவிடும். தப்பு பி-யில் ஒளிந்துகொள்ளும். பரப்பு முறையில் இந்தச் சோதனையைத் தாண்டாமல் வரைபடமே முடிவதில்லை.

பிடிபடாத தப்பும் உண்டு. சுமையையே தவறாக வாசித்து, யூ.டி.எல். 8 மீட்டருக்கும் இருப்பதாகத் தொடக்கத்திலிருந்தே எடுத்துக்கொண்டால் இரண்டு வரைபடமும் நேர்த்தியாக மூடும். அதற்குக் கேள்வியைத் திரும்பப் படிப்பது ஒன்றுதான் வழி.

பரப்பு முறை தடுமாறும் இடம் முக்கோணச் சுமை. 6 மீட்டர் சாதாரண பீமில் சுமை இடமுனையில் பூஜ்யமாகத் தொடங்கி வலமுனையில் மீட்டருக்கு 30 ஆக ஏறினால், ரியாக்‌ஷன்கள் 30-உம் 60-உம். ஷியர் 3.464 மீட்டரில் பூஜ்யமாகும். அதுவரையுள்ள பரப்புக்கு, அதைச் சுற்றியுள்ள செவ்வகத்தில் 2/3 போடுவதா, 1/3 போடுவதா? இடமுனையில் சுமை இல்லாததால் ஷியர் கோடு அங்கே படுக்கையாகக் கிளம்பி உப்பலாக இறங்கும், எனவே 2/3: 30 × 3.464 × 2/3 = 69.28. நேர்கோடு என்று நினைத்து முக்கோணமாகப் போட்டால் 51.96தான் வரும், கால் பங்கு குறைந்துவிடும். இந்த மாதிரிக் கணக்குக்கு 30 எக்ஸ் − 0.833 எக்ஸ்³ என்று சமன்பாடு எழுதிவிடுவதே பாதுகாப்பு.

கப்பிள் (நிகர விசையில்லாமல் திருப்ப மட்டும் செய்யும் சுமை) இன்னொரு இடம். 6 மீட்டர் பீமின் நடுவில் 60 கிலோ நியூட்டன் மீட்டர் கடிகார முள் திசையில் இருந்தால் ஷியர் வரைபடத்தில் அதன் சுவடே தெரியாது. நீளம் முழுக்க −10. மொமெண்ட் −30 வரை இறங்கி, நடுவில் 60 தாவி +30 ஆகி, பிறகு பூஜ்யத்துக்கு வரும். பரப்பை மட்டும் கூட்டிப் போனவருக்குக் கடைசியில் −60 நிற்கும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சப்போர்ட்டுகளில் ஓடும் தொடர் பீம்களுக்கு முதலில் மொமெண்ட் டிஸ்ட்ரிபியூஷன் போன்ற ஒன்றால் சப்போர்ட் மொமெண்டுகளைக் கண்ட பிறகே பரப்பு முறைக்கு வேலை. பாலத்தில் நகரும் சுமைக்கு, சுமை நகர நகர மதிப்பு எப்படி மாறும் என்று காட்டும் இன்ஃப்ளுயன்ஸ் லைன்தான்.

மென்பொருளை ஒதுக்கச் சொல்லவில்லை. பத்து மாடிக் கட்டடத்துக்கு யாரும் கையால் உட்கார்ந்து போட முடியாது. ஆனால் கொடுத்ததற்குத்தான் அது விடை சொல்லும். நம் பீமில் ஏ சப்போர்ட்டை ‘பின்’ (சுழலவிடும் தாங்கல்) என்று கொடுக்காமல் ‘ஃபிக்ஸட்’ (சுழலவிடாத தாங்கல்) என்று விட்டுவிட்டால், ஏ-யில் −60, பி-யில் −60 என்று சமச்சீரான வரைபடம் வரும். நடுவில் ஸாகிங் வெறும் +30. உண்மையில் ஸாகிங் உச்சம் 62.5 வேண்டும். பார்வைக்குக் குறையே இல்லாத படம், கீழ்க்கம்பியில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு மாடலிலும் ஒரு பீமையாவது எடுத்துப் பரப்பு முறையில் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதோடு, அந்தப் படம் மொமெண்டை ஸாகிங் பக்கம் மேலே போடுகிறதா, இழுவிசைப் பக்கம் போடுகிறதா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். நம் பாடப்புத்தகங்களில் ஸாகிங் மேலே. கம்பி கட்டும் வேலைக்கு இழுவிசைப் பக்கம் வரைவதே வசதி.

கம்பி விஷயத்தில் பரப்பு முறையின் வேகமும் பயன்படுகிறது, ஒரே பீமுக்குச் சுமையை மாற்றி மாற்றிப் போட வேண்டியிருப்பதால். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456-இன்படி மேல்கம்பியில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, கான்ட்ராஃபிளெக்சரைத் தாண்டி எஃபெக்டிவ் டெப்த் (அமுங்கும் விளிம்பிலிருந்து இழுவிசைக் கம்பியின் மையம் வரையுள்ள ஆழம்), கம்பி விட்டத்தின் 12 மடங்கு, கிளியர் ஸ்பானின் (சப்போர்ட்டுகளுக்கு நடுவில் உள்ள வெற்று நீளம்) பதினாறில் ஒரு பங்கு ஆகியவற்றில் எது பெரிதோ அதுவரை நீள வேண்டும். டெப்த் 400 மி.மீ., கம்பி 16 மி.மீ. என்றால் 400-தான் பெரிது. மேலே போட்ட கணக்கின்படி பி-யிலிருந்து உள்ளே 1.4 மீட்டர் போதும் என்று தோன்றும்.

உள் ஸ்பானில் ஆள் நடமாட்டம் இல்லாமல் பீமின் மேல் மீட்டருக்கு 8 மட்டும் நின்று, பால்கனி முனையில் அதே 30 இருந்தால்? பி-யில் 64, ஏ-யில் 14. ஷியர் பூஜ்யம் 1.75 மீட்டரில், ஸாகிங் 12.25 மட்டும், பி-யில் மாறாத −60. கான்ட்ராஃபிளெக்சர் 3.5 மீட்டருக்கு நகர்ந்துவிட்டது, பி-யிலிருந்து 2.5 மீட்டர். மேல்கம்பி 2.9 மீட்டர் போக வேண்டும். 1.4-இல் நிறுத்தியிருந்தால், கம்பி முடிந்த அந்த இடத்திலேயே 20 கிலோ நியூட்டன் மீட்டருக்கு மேல் ஹாகிங் இருக்கிறது, தாங்குவதற்கு ஸ்டிரப்பை (குறுக்கு வளையக் கம்பி) பிடித்திருக்கும் ஹேங்கர் கம்பிகள் இரண்டு மட்டும்.