ஏழு ஆண்டுகள், ஒரு நேர்த்தையல் மெஷின்: பினாங்கு அடுக்குமாடி வீட்டில் ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங்

பினாங்கில் ஜெலுத்தோங் பகுதியில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்னறையில் ஏழு ஆண்டுகளாக ஃப்ரீ மோஷன் குவில்ட்டிங், அதாவது பஞ்சு வைத்த மூன்றடுக்குப் போர்வையைக் கையால் நகர்த்தித் தையலால் கோலமிடும் வேலை, செய்து வருகிறேன். ஒற்றைக் கட்டில் அளவில் பதினான்கு போர்வைகளும் இரட்டைக் கட்டில் அளவில் ஐந்தும் தொட்டில் அளவில் அதைவிட அதிகமாகவும் இந்த ஒரே மெஷினில் தைத்து முடித்திருக்கிறேன். நான் பயன்படுத்துவது ஜூக்கி டிஎல்-2010க்யூ என்னும், நேர்கோட்டுத் தையல் மட்டும் போடும் நேர்த்தையல் மெஷின். இந்த வேலைக்கென்று மெஷின் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை வகைத் தையல் போடும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கேள்வியே இந்த வேலைக்குப் பொருந்தாதது என்பதைப் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சாதாரணத் தையலில் ஊசித்தட்டின் கீழிருந்து எழும் பல்தான் துணியைப் பிடித்துப் பின்னுக்கு நகர்த்துகிறது; தையலின் நீளம் மெஷினின் பொறுப்பு. ஃப்ரீ மோஷனில் அந்தப் பல்லைக் கீழே இறக்கிவிடுகிறோம். மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்காக இருக்கும் போர்வையை, ஊசி மேலெழும்போது தானும் எழுந்து துணியை விடுவிக்கும் சிறிய ஃபூட்டின் (ஊசியைச் சுற்றி நிற்கும் பாதத்தின்) அடியில் வைத்து, நம் இரு கைகளாலேயே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்துகிறோம். ஊசி நிமிடத்துக்கு 600 முறை இறங்கினால் ஒரு விநாடிக்குப் பத்துத் தையல். ஒவ்வொன்றும் இரண்டரை மில்லிமீட்டர் இருக்க வேண்டுமென்றால் கை ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் நகர வேண்டும். கை தயங்கினால் தையல் மணல்போல் நெருங்கிவிடும், அவசரப்பட்டால் நீண்டுவிடும். இருநூறு அலங்காரத் தையல்கள் உள்ள மெஷினாக இருந்தாலும் பல்லை இறக்கிய பிறகு அவற்றில் ஒன்றுகூட நமக்குக் கைகொடுக்காது.

இது புதிதாக வந்த வித்தையும் அன்று. இங்கே நியோன்யா எனப்படும் பெரானாக்கான் சீனப் பெண்கள் அணியும் கெபாயா மேற்சட்டையின் ஓரங்களில் காணும் நுணுக்கமான பூவேலையைத் தலைமுறைகளாகக் கால்மிதி மெஷினில்தான் போட்டு வந்திருக்கிறார்கள். துணியை வளையத்தில் இறுக்கி, அதைக் கையால் சுழற்றிச் சுழற்றி, வரைந்த கோட்டின்மேல் ஊசியை ஓடவிடுவார்கள். மலேசியா உட்பட ஐந்து நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த கெபாயா மரபை யுனெஸ்கோ 2024ஆம் ஆண்டு தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நான் மனமார மகிழ்ந்தேன். அந்த வேலையைச் செய்த ஒருவரிடம்தான் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. எங்கள் தெருவில் இருந்த அவரைப் பெரியம்மா என்று அழைப்போம். ஜார்ஜ் டவுனில் ஒரு நியோன்யா வீட்டாருக்குப் பல ஆண்டுகள் தைத்துக் கொடுத்தவர். கருப்பு நிறச் சிங்கர் மெஷினின் முன் அவர் உட்கார்ந்தால் இரண்டு முழங்கைகளும் மேசையில் பதிந்திருக்கும், தோள் அசையாது, மணிக்கட்டும் விரல்களும் மட்டுமே நகரும். “கண்ண ஊசியில வைக்காதம்மா, போகப்போற எடத்துல வையி” என்பார். இன்றுவரை இதைவிடப் பயனுள்ள ஒரு குறிப்பை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனாலும் சொந்தமாக மெஷின் வாங்கும்போது அந்தப் பாடத்தை மறந்துவிட்டேன். கடையில் திரையும் பொத்தான்களுமாக மின்னிய ஒரு கணினி மெஷினை வாங்கினேன். ரவிக்கை தைக்கவும் குழந்தைகளின் உடுப்பு தைக்கவும் அது நன்றாகவே உதவியது. இரட்டைக் கட்டில் போர்வையை அதில் நுழைத்த அன்றுதான் சிக்கல் தெரிந்தது. ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே உள்ள வெளி ஆறரை அங்குலம்தான் இருந்தது. போர்வையை நடுவிலிருந்து தொடங்கித் தைப்பதால் எப்போதும் பாதிப் போர்வை அந்த வெளிக்குள் சுருண்டு கிடக்க வேண்டும். சுருளே நான்கு அங்குலத்தை அடைத்துக்கொண்டால், கை விளையாட மிஞ்சுவது இரண்டரை அங்குலம். அதற்குள் ஒரு மாங்காய் வடிவத்தைக்கூட ஒரே ஓட்டத்தில் போட முடியவில்லை. பாதி வளைவில் நிறுத்தி, சுருளைத் திருத்தி, மீண்டும் தொடங்கிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு முடிச்சு விழுந்தது. அந்தப் போர்வையை இன்றும் வைத்திருக்கிறேன். நின்ற இடங்களை விரலால் தடவியே எண்ணிவிடலாம்.

வீட்டுக்கு வந்து பார்த்த மெக்கானிக் தம்பி மெஷினைத் திறந்து துடைத்து, ஓட்டிக் காட்டிவிட்டு, “அக்கா, மெஷின்ல ஒன்னும் தப்பு இல்ல. பல்ல எறக்கிட்டா அதுக்கு வேலையே இல்ல, எல்லா வேலயும் உங்க கைக்குத்தான். கைக்கு எடம் வேணும்லா” என்றார். அதன் பிறகுதான் அளவுநாடாவோடு கடைகளுக்குப் போகத் தொடங்கினேன்.

இந்த வேலைக்கென்றே நேர்த்தையல் மட்டும் போடும் ஒரு வகுப்பு மெஷின்கள் உண்டு. ஜூக்கி டிஎல்-2010க்யூ, பிரதர் பிக்யூ1500எஸ்எல், ஜனோம் எச்டி9 ஆகிய மூன்றும் அதில் அடங்கும். மூன்றிலும் அந்த உள்வெளி ஏறத்தாழ எட்டரை முதல் ஒன்பது அங்குலம் வரை இருக்கும். ஜூக்கியும் பிரதரும் நிமிடத்துக்கு 1,500 தையல் வரையும் ஜனோம் 1,600 வரையும் ஓடக்கூடியவை. இரண்டு அங்குலம்தானே கூடுதல் என்று தோன்றலாம். சுருளுக்குப் போக மிஞ்சும் இடத்தைக் கணக்கிட்டால், இரண்டரை அங்குலம் நாலரை அங்குலமாகிறது. கைக்கு உண்மையில் கிடைக்கும் இடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெர்னினாவில் துணி நகரும் வேகத்தை உணர்ந்து தையலின் நீளத்தைத் தானே சீராக்கும் கருவி உண்டு. கை பழகாதவர்களுக்கு அது பெரிய உதவிதான், ஆனால் விலை வேறொரு படியில் இருக்கிறது. சட்டத்தில் பொருத்தித் தைக்கும் பெரிய மெஷின்களை வைக்க எங்கள் அடுக்குமாடி வீட்டில் அறை போதாது.

முதல் மெஷினுக்குக் கொடுத்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கொடுத்து ஜூக்கியை வாங்கினேன். அதன் வேகத்தைப் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு அதன் மெதுவே பிடித்திருக்கிறது. வேகத்தின் உச்சத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு நகர்த்தி முகப்பில் இருக்கிறது. அதைப் பாதிக்கும் கீழே வைத்துவிட்டால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் மெஷின் அந்த எல்லையைத் தாண்டாது. காலை மறந்துவிட்டுக் கையை மட்டும் கவனிக்கலாம். நூலை அறுக்கக் குதிகாலால் பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் போதும். ஃபூட்டை முழங்காலால் உயர்த்தலாம் என்பதால் இரண்டு கைகளும் போர்வையை விட்டு எடுபடுவதே இல்லை.

இன்னொரு காரணம் ஊசித்தட்டு. பலவகைத் தையல் போடும் மெஷினில் ஊசி பக்கவாட்டில் அசைய வேண்டியிருப்பதால் தட்டின் துளை நீளமாக இருக்கும். வேகமாகத் தைக்கும்போது துணி அந்தத் துளைக்குள் சற்று அமிழ்ந்து தையல் கோணலாகும். நேர்த்தையல் மெஷினின் துளை சிறிய வட்டம். துணி அமிழ இடமில்லை, தையல் முத்துக் கோத்ததுபோல் நிற்கும்.

மெஷினைவிட அதிக நாள் நான் செலவிட்டது நூலின் இழுவிசையைப் புரிந்துகொள்வதில்தான். வளைவுகளின் அடிப்பக்கத்தில் கண்ணிமை மயிர்போல் நூல் நீட்டிக்கொண்டிருந்தால் உடனே டென்ஷன் திருகைத் திருகுகிறோம். பெரும்பாலும் பிழை அங்கே இருப்பதில்லை. வளைவில் திரும்பும்போது நம்மை அறியாமல் கை வேகம் கூடுகிறது, ஊசியோ அதே வேகத்தில் ஓடுகிறது, நூல் இழுபடுகிறது. வளைவில் கையை அடக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மீதிக்கு, ஃபூட்டை உயர்த்திய நிலையில் மேல்நூலை முழுவதுமாக எடுத்துவிட்டு மறுபடி கோக்க வேண்டும். ஃபூட் உயர்ந்திருக்கும்போதுதான் டென்ஷன் தட்டுகள் விரிந்து நூலை உள்ளே ஏற்கும். அதே காரணத்தால், தைக்கத் தொடங்குமுன் ஃபூட்டின் நெம்புகோலை இறக்கினோமா என்று பார்ப்பதும் முக்கியம். குவில்ட்டிங் ஃபூட் துணியை அழுத்தாமல் சற்று மேலேயே நிற்பதால் இறக்காததே தெரியாது. தட்டுகள் விரிந்தே கிடக்க, அடியில் குருவிக்கூடு கட்டியதுபோல் நூல் திரண்டுவிடும்.

அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் சிறு கூடான பாபின் கேஸைக் கையில் எடுத்துச் சரிசெய்ய முடிவது இந்த மெஷினின் பெரிய வசதி. பாபினை அதில் போட்டு, நூல் முனையைப் பிடித்து, கேஸை உள்ளங்கைக்கு மேல் தொங்கவிடுவேன். அது தானாகவே சரசரவென இறங்கினால் தளர்வு. மணிக்கட்டை ஒரு முறை சுண்டினாலும் அசையாமல் நின்றால் இறுக்கம். சுண்டியதும் ஓரிரு அங்குலம் இறங்கி நின்றால் சரி. கேஸின் பக்கத்தில் உள்ள சிறு திருகைக் கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்குமேல் ஒரே நேரத்தில் திருப்பக் கூடாது. திருப்புமுன் அதன் நிலையைப் பேனாவால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

நூலில் சிக்கனம் பார்த்து, துணியோரம் அடிக்கும் ஓவர்லாக் நூலைப் போட்டு ஒரு போர்வை முழுக்க அவதிப்பட்டிருக்கிறேன்; பாபின் பகுதி பஞ்சால் அடைத்துக்கொண்டது. இப்போது மேலும் கீழும் 50ஆம் எண் பருத்தி நூல்தான், இரண்டும் ஒரே நிறம். அப்படியிருந்தால் இழுவிசை சற்று பிசகினாலும் மேல்துணியில் புள்ளி புள்ளியாகத் தெரியாது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைத் துவைத்துச் சுருக்கம் எடுத்துப் பயன்படுத்தும்போது 75/11 அளவு ஊசி போதும். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் துணி நெருக்கமான நெசவுள்ளது. ஊசி இறங்கும்போது டக் டக்கென்று ஒலி மாறினால் ஊசி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மெழுகு மிச்சமிருக்கும் பாத்தேக்கைச் சுடுநீரில் அலசாமல் மெஷினுக்குக் கொண்டுபோகக் கூடாது. எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று கணக்கு வைத்திருக்கிறேன். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த ஊசிகள் துருப்பிடித்துவிடுவதால், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் மூடி வைக்கிறேன்.

மேசையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மெஷினை மேசைமேல் வைத்துத் தைத்த முதல் ஆறு மாதமும் கழுத்திலும் தோளிலும் வலி இருந்தது. போர்வை மெஷினின் விளிம்பிலிருந்து சரிந்து தொங்க, அந்தக் கனத்தைக் கைகள் இழுத்துக்கொண்டே இருந்தன. பிறகு ஒரு தச்சரிடம் பழைய மேசையில் பள்ளம் வெட்டச் சொல்லி, மெஷினின் தளமும் மேசையின் தளமும் ஒரே மட்டமாக வருமாறு இறக்கினேன். இடப்பக்கம் இன்னொரு மேசை. இப்போது போர்வை தண்ணீரில் மிதப்பதுபோல் நகர்கிறது. விரல்நுனியில் ரப்பர் பூசிய தோட்டக் கையுறை போட்டால் துணியை அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை. மேசைக் கால்களின் கீழ் தடித்த ரப்பர் விரித்த பிறகு கீழ்வீட்டு ஆன்ட்டிக்கும் சத்தம் கேட்பதில்லை. இத்தனைக்கும் ஆன செலவு அடுத்த விலைப்படியில் உள்ள மெஷினுக்கான வித்தியாசத்தைவிட மிகக் குறைவு.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். பாபின் பகுதியைத் தூரிகையால் தினமும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன். நம் வீடுகளில் கைக்கெட்டிய தேங்காய் எண்ணெயை விடும் பழக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது நாளடைவில் பிசினாக இறுகி மெஷினையே கட்டிப்போட்டுவிடும். தையல் மெஷினுக்கென்று விற்கும் தெளிந்த எண்ணெய்தான் வேண்டும். இடி இடிக்கும் மாலைகளில் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. விலை மலிவு என்று அமெரிக்காவிலிருந்து வரவழைப்பவர்கள் அங்குள்ள 120 வோல்ட் மெஷினை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இந்த மெஷின் எல்லோருக்கும் ஏற்றதன்று. இதில் ஜிக்ஜாக் இல்லை, காஜா எடுக்க முடியாது. ரவிக்கையும் பாவாடையும் தைக்க வீட்டில் ஒரே மெஷின்தான் என்றால் இதை வாங்காதீர்கள்; நான் பழையதையும் விற்காமல் வைத்திருப்பது அதனால்தான். பதினோரு கிலோவுக்கு மேல் எடை உள்ளதால் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவதும் சிரமம். மாதம் ஒரு தலையணை உறை மட்டும் குவில்ட் செய்பவருக்கு, பல் இறங்கும் வசதியுள்ள எந்த நல்ல மெஷினும் போதும்.

வாங்கப் போகும்போது கடைக்காரர் தரும் ஒற்றைத் துணியில் தைத்துப் பார்க்காமல், வீட்டிலிருந்தே பஞ்சு வைத்துத் தைத்த மூன்றடுக்குத் துண்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஒரு தடித்த துண்டுவிரிப்பைச் சுருட்டி உள்வெளிக்குள் வைத்துவிட்டு, பல்லை இறக்கி, மிக மெதுவான வேகத்தில் சிறு வட்டங்களாக இருபது போடுங்கள். மெஷின் விக்கி விக்கி ஓடுகிறதா, திருப்பிப் பார்த்தால் அடித்தையல் படிந்திருக்கிறதா, இருபதாவது வட்டத்தில் உங்கள் தோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய மெஷினாக இருந்தால் பாபின் கேஸை வெளியே எடுத்து, அதன் விளிம்பில் ஊசி பட்ட கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் வளைவுகளில் நூல் அங்கேதான் மாட்டும்.