விரல் சூப்புவதை நிறுத்த: கசப்புப் பூச்சா, முழங்கைக் கட்டா?

பெரும்பாலான பிள்ளைகள் 2 முதல் 4 வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுவார்கள். சிங்கப்பூர்ப் பாலர் பள்ளியின் கடைசி ஆண்டான கே2 வந்தும் கட்டைவிரல் வாயிலேயே இருந்தால்தான் கவலை. 6 வயதை ஒட்டி முளைக்கும் நிரந்தர முன்பற்களை விரல் முன்னே தள்ளும். வாயை மூடினாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராது.

மருந்துக்கடையில் கிடைக்கும் கசப்புப் பூச்சு பகலுக்குப் பொருத்தம். டிவி பார்க்கும்போது தன்னையறியாமல் வாய்க்குப் போகும் விரலை அது நினைவூட்டும். கை கழுவக் கழுவப் போய்விடும், மறுபடி பூச வேண்டும். விரலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் பூசாதீர்கள். கசப்புப் பூச்சுக்குப் பதிலாகத் தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் வேப்பெண்ணெய் வாங்கித் தடவவே வேண்டாம். வயிற்றுக்குள் போனால் சிறு பிள்ளைகளுக்கு வலிப்புகூட வரலாம்.

தூக்கத்தில் சூப்பும் பிள்ளைக்குக் கட்டுதான் எங்கள் தேர்வு. கையை நேராக நீட்டச் சொல்லி, முழங்கைக்கு மேலும் கீழும் நாலு விரல் அகலத்துக்கு எலாஸ்டிக் பேண்டேஜைத் தளர்வாகச் சுற்றுங்கள். கையை மடக்க முடியும். ஆனால் தூக்கம் பிடித்துத் தசை தளர்ந்ததும் கட்டின் இழுப்பே விரலை வெளியே எடுத்துவிடும். பலர் இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள், அங்கேதான் தவறு. உங்கள் விரல் ஒன்று கட்டுக்குள் எளிதாக நுழைய வேண்டும். பிள்ளையின் விரல்நுனி வெளுத்தாலோ சில்லிட்டாலோ உடனே அவிழுங்கள். நம்மூர்ப் புழுக்கத்தில் வேர்க்குரு வரும், தினமும் துவைத்ததையே கட்டுங்கள்.

இரண்டுக்கும் முதலில் பிள்ளையின் சம்மதம் வேண்டும். "ஏன்மா கட்டுறீங்க?" என்று அழுதால் அன்றிரவு விட்டுவிடுங்கள்.