கலப்புப் படையா, தனிப் பிரிவா: நார்வேயின் இரு வழிகள்

தரைப்போர்ப் பணிகளில் பெண்களைச் சேர்ப்பதற்கு நார்வே ஒரே காலத்தில் இரு வழிகளைக் கையாள்வதால், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க அந்நாடே பொருத்தமானது. 1985-லேயே நீர்மூழ்கிக் கப்பல் உட்பட எல்லாப் போர்ப்பணிகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்ட நாடு அது.

முதல் வழி கலப்புப் படை. 2013-இல் நாடாளுமன்றம் எடுத்த முடிவின்படி, கட்டாய ராணுவச் சேவை 2015 முதல் இருபாலருக்கும் பொதுவாயிற்று. நேட்டோ நாடுகளில் இதை முதலில் செய்தது நார்வேதான். சில முகாம்களில் ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் தங்குகிறார்கள். இது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் ஒன்றாக அறையைத் துடைத்து, ஒன்றாகப் பனியில் மூட்டை சுமப்பவர்கள், எதிரிலிருப்பவரை ஆண் பெண் என்று பாராமல் தோழராகவே பார்க்கப் பழகுவார்கள் என்பதே அதன் அடிப்படை.

மற்றொன்று, 2014-இல் தொடங்கப்பட்ட, பெண்கள் மட்டுமே கொண்ட யேகர்ட்ரூப்பன் என்னும் சிறப்புப் படைப் பயிற்சிப் பிரிவு. ஆப்கானிஸ்தானில் உள்ளூர்ப் பெண்களிடம் ஆண் வீரர்கள் பேசித் தகவல் பெற இயலாமற்போன அனுபவமே இதற்கு வித்திட்டது. பாராசூட்டில் குதிப்பதும் உளவுக் கண்காணிப்பும் இங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆண்களின் உடல்வலிமையோடு நாள்தோறும் ஒப்பிடப்படும் சுமையின்றி, தங்களுக்குள்ளேயே போட்டியிட்டுத் திறனை வளர்த்துக்கொள்ள இது இடம் தருகிறது.

குறிப்பிட்ட பணிக்கு ஆட்களை உருவாக்கத் தனிப் பிரிவு சிறந்தது என்பதை மனமார ஒப்புகிறேன். எனினும் காலாட்படைக்கும் கவசப்படைக்கும் நான் கலப்பு முறையையே தேர்வேன். காயமுற்றவரைத் தூக்கிச் செல்லவேண்டிய நேரத்தில் அருகிலிருப்பவரை நம்பும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே வேரூன்றியிருக்க வேண்டும்.