வேப்பம்பலகையும் அதோடு வந்த எண்ணெய்ப் புட்டியும்

எங்கள் வீட்டில் காய் அரிவதென்றால் அரிவாள்மனைதான். அம்மாவுக்கு மூட்டுவலி வந்து தரையில் உட்கார முடியாமல் போன பிறகுதான் மேடையில் வைத்து நறுக்க ஒரு பலகை தேடினேன். பொருட்காட்சிக் கடை ஒன்றில் வேப்பமரத்தில் கிடைத்தது. 14-க்கு 10 அங்குலம், ஒரு அங்குலக் கனம், ஒட்டுப்போடாத ஒரே துண்டு. கூடவே, "வாரம் ஒருதரம் தடவுங்க" என்று ஒரு சின்னப் புட்டி எண்ணெயையும் தலையில் கட்டினார்கள்.

8 மாதம் புழங்கியாயிற்று. பலகை நல்ல பலகை. முதல் வாரம் வெள்ளரிக்காயில் லேசாக வேப்ப வாடை அடித்தது, பிறகு போய்விட்டது. முன்பிருந்த கண்ணாடிப் பலகையில் கத்தி பத்தே நாளில் மழுங்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

புட்டிதான் வில்லங்கம். என்ன எண்ணெய் என்று எங்கும் எழுதவில்லை. முகர்ந்தால் நல்லெண்ணெய். சரி, விற்றவருக்குத் தெரியாதா என்று தடவினேன். மூன்றே வாரத்தில் பலகை பிசுபிசுத்தது. அப்புறம் பழைய முறுக்கு டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு சிக்கு வாடை. அதன்மேல் ஆப்பிள் நறுக்கி யார் தின்பது? சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டால் கெடும். பலகைக்குள் ஊறியது கெட்டால் கழுவியும் போகாது.

உப்புத்தாள் போட்டு மேல்தோலைத் தேய்த்தெடுத்தேன். பிறகு மருந்துக்கடையில் லிக்விட் பாரஃபின் கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா போகலைங்க?" என்றார். "எனக்கில்லைங்க, பலகைக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். மலச்சிக்கலுக்குக் குடிக்கத் தருவதுதான். நிறமில்லை, மணமில்லை, சிக்கு அடிக்காது. லேபிளில் ஐ.பி. (I.P., இந்திய மருந்துத் தரநூலின் சுருக்கம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். பால் மாதிரி வெள்ளையாக, மெக்னீசியா கலந்து வரும் சிரப் வேண்டாம். குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெயும் பெரும்பாலும் இதே சரக்குதான், ஆனால் வாசனை சேர்த்திருப்பார்கள். பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பக்கமே போகாதீர்கள்; சீக்கிரம் காய அதில் உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு.

பலகையைக் கழுவி, ஒரு நாள் முழுக்க நிமிர்த்திவைத்துக் காயவிட்டேன். பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, பழைய வேட்டித் துணியால் இரண்டு பக்கமும் தடவினேன். குறுக்காக அறுபட்ட இரண்டு ஓரங்களும் குடித்த குடியைப் பார்க்க வேண்டுமே! மரத்தின் குழாய்கள் வாய் திறந்திருப்பது அங்கேதான். தடவித் திரும்புவதற்குள் எண்ணெய் காணாமல் போகும், மறுபடி தடவ வேண்டும். இரவெல்லாம் ஊறவிட்டுக் காலையில் துடைத்தேன். முதல் வாரம் தினமும், அந்த மாதம் வாரம் ஒருமுறை, இப்போது மாதம் ஒருமுறை. நாள் கணக்கும் தேவையில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். முத்தாக நின்றால் சரி. கறுத்து உள்ளே இறங்கினால் எண்ணெய் கேட்கிறது என்று அர்த்தம்.

நாட்டு மருந்துக்கடையில் தேன்மெழுகு வாங்கி, ஒரு பங்குக்கு நாலு பங்கு இந்த எண்ணெய் சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கியும் பூசுகிறேன். பார்க்க அழகு. அவசியம் என்று சொல்ல மாட்டேன்.

நான் செய்த தப்பும் ஒன்று உண்டு. ஈர மேடையிலேயே இரவு முழுக்கப் படுக்கப் போட்டுவிட்டேன். அடிப்பக்கம் மட்டும் தண்ணீர் குடித்து உப்பி, காலையில் வெங்காயம் நறுக்கினால் டக் டக்கென்று ஆடியது. உப்பிய பக்கத்தை மேலே திருப்பி இரண்டு நாள் நிழலில் போட்டதும் சமமானது. வெயிலில் போட்டிருந்தால் வெடித்திருக்கும். மஞ்சள் கறைக்கு மட்டும் காலை வெயிலில் கால் மணி நேரம் காட்டுவேன், வெளுத்துவிடும்.

மீனுக்கென்று தனியாக இன்னொரு பலகை வேண்டும் என்கிறாள் அம்மா. அதே கடையில்தான் வாங்குவேன். புட்டியை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வருவேன்.