பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத விஎம்: மூன்று வருட அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு லப்டொப்பில் இருப்பது விண்டோஸ். அதற்குள் வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு விஎம், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி. அதில் இருப்பது உபுண்டு என்ற லினக்ஸ். கடைகளுக்குக் கையிருப்புக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். எழுதுவது விண்டோஸில், ஓடுவது உபுண்டுவில். 2021 இல் இதை அமைத்தபோது லப்டொப்புக்குத் திருமலை என்றும் விஎம்முக்கு நிலாவெளி என்றும் ஆசையாகப் பெயர் வைத்தேன். இரண்டும் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு அடுத்த வருடம் பாதி கடந்துவிட்டது.

விஎம் செய்யும்போது தானாக வருவது நாட் அமைப்பு, லப்டொப்பின் பின்னால் விஎம்மை மறைத்து வைத்து இணையம் கொடுக்கும் முறை. உபுண்டுவுக்கு இணையம் உடனே கிடைத்தது. ஆனால் அது 10.0.2.15 என்ற முகவரியோடு தனி அறையில் பூட்டிக் கிடந்தது. உள்ளிருந்து 10.0.2.2 என்று லப்டொப்பைப் பிடிக்கலாம். போர்ட் போர்வேர்டிங் (லப்டொப்பின் ஒரு வாசலை விஎம்முக்குத் திருப்பிவிடுவது) போடாவிட்டால் வெளியிலிருந்து உள்ளே போக வழியில்லை. இது தெரியாமல் இரண்டு நாள், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாதையே இல்லாத வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டி என்ன பயன்? அன்றிலிருந்து எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் ஐபி முகவரிக்குப் பிங் அடிப்பேன், அதாவது அந்த எண் முகவரியிடம் ‘இருக்கிறாயா?’ என்று கேட்பேன். அது போனால்தான் பெயரைப் பற்றி யோசிப்பேன்.

அப்புறம் பிரிட்ஜ் முறைக்கு மாறினேன். வீட்டு ரவுட்டரே விஎம்முக்கும் ஒரு முகவரி கொடுக்கும். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று குறித்துவைக்கும் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதைப் பெயரோடு எழுதினேன். நோட்பேட் அந்தக் கோப்பின் வாலில் சத்தமில்லாமல் ஒரு டொட் டிஎக்ஸ்டி (.txt) ஒட்டிச் சேமித்ததில் ஒரு மாலை வீணானது தனிக் கதை. நோட்பேட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, சேமிக்கும்போது கோப்பு வகையை ‘எல்லாக் கோப்புகளும்’ என்று மாற்ற வேண்டும்.

அது 2022, மின்வெட்டுக் காலம். கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்பினால் யாருக்கு எந்த முகவரி என்று சொல்ல முடியாது. ஒரு நாள் நிலாவெளிக்குப் பிங் அடித்தேன். நல்ல பிள்ளைபோல் பதில் வந்தது. ஆனால் என் மென்பொருளின் பக்கம் மட்டும் திறக்கவில்லை. அரை மணி நேரம் உபுண்டுவைக் குடைந்த பிறகுதான் விளங்கியது, பதில் சொல்லிக்கொண்டிருந்தது தம்பியின் போன்!

முகவரி எழுதும் வேலையே வேண்டாமென்று, பெயரைத் தானே அறிவிக்கும் ஆவாஹி என்ற மென்பொருளை உபுண்டுவில் நிறுவினேன். ‘நிலாவெளி டொட் லோக்கல் யார்?’ என்று யுடிபி 5353 என்ற போர்ட் வழியாக வலையமைப்பில் இருக்கும் எல்லோரிடமும் கேட்க, உரியவர் கையைத் தூக்குவார், இதுதான் எம்டிஎன்எஸ். விண்டோஸ் 10 இன் பிந்தைய பதிப்புகள் இதைத் தானாகவே புரிந்துகொள்கின்றன. சில மாதம் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினேன். ஆனால் வைஃபையில் பிரிட்ஜ் போட்டால் அந்தக் கேள்வி சிலவேளை போய்ச் சேர்வதில்லை. மூதூரில் ஒரு கடையில், போன் ஹொட்ஸ்பொட்டில் மென்பொருளைக் காட்டப் போய், முதலாளியின் முன்னால் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு போட்டதுதான் இன்றுவரை ஓடுகிறது. விஎம்முக்கு இரண்டு வலையமைப்பு அடப்டர்கள். முதலாவது நாட், இணையத்துக்கு. இரண்டாவது ஹோஸ்ட் ஒன்லி, லப்டொப்பும் விஎம்மும் தங்களுக்குள் கதைப்பதற்கு. அந்தப் பக்கம் லப்டொப்புக்கு 192.168.56.1, உபுண்டுவுக்கு 192.168.56.10 என்று நிலையாகக் கொடுத்தேன். தானாக வழங்கும் முகவரிகள் 101 இலிருந்துதான் தொடங்குவதால் மோதல் வராது. இரண்டாவது அடப்டருக்குக் கேட்வே (வெளியே போகும் வாசல் முகவரி) மட்டும் எழுதிவிடாதீர்கள், இணையம் வழிதவறிப் போகும். பிறகு இரு பக்க ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் ஒவ்வொரு வரி. இந்தப் போக்குவரத்து லப்டொப்பை விட்டு வெளியே போவதே இல்லை. கரண்ட் போனால் என்ன, ரவுட்டர் மாறினால் என்ன?

சரி, குறையே இல்லையா? விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்குப் பிங் போனது, திருப்பிப் போகவில்லை. கேட்வே இல்லாத வலையமைப்பை விண்டோஸ் அடையாளம் தெரியாததாகக் கருதிப் பொது வலையமைப்பு என்று வைத்து, ஃபயர்வோல் என்ற பாதுகாப்பு வேலியால் மறிக்கிறது. ஃபயர்வோலை மொத்தமாக அணைக்கச் சொல்பவர்கள் உண்டு, நான் 192.168.56 தொடருக்கு மட்டும் அனுமதி விதி எழுதினேன்.

பெயருக்குரிய முகவரியைத் தேடும் என்எஸ்லுக்கப் கட்டளையை நம்பியும் ஏமாந்திருக்கிறேன். அது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேரே டிஎன்எஸ் சேர்வரிடம் போய், அப்படி ஒருவர் இல்லை என்று வந்து சொல்லும். பெயர் ஒழுங்காக வேலை செய்துகொண்டே இருக்கும். விண்டோஸில் பிங், உபுண்டுவில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கட்டளை, இவை சொல்வதையே நம்பலாம்.

போன மாதம் இன்னொரு கடைக்காக நிலாவெளியைக் குளோன் (நகல்) எடுத்து, கிண்ணியா என்று பெயர் மாற்றி, 192.168.56.11 கொடுத்தேன். நிர்வாகி உரிமை கேட்கும் சூடோ கட்டளையை அடித்த ஒவ்வொரு முறையும் பெயர் தெரியவில்லை என்று முணுமுணுத்தது. உள்ளே ஹோஸ்ட்ஸ் கோப்பில், உபுண்டு தன்னையே குறிக்கும் 127.0.1.1 க்கு எதிரே இன்னும் நிலாவெளி என்றே இருந்தது. அந்த ஒரு சொல்லை மாற்றியதும் வாயை மூடிக்கொண்டது.